கொளுஞ்சி நிலத்தைப் பற்றி ஏன் வாயைத் திறந்தேன்

பிரபு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், "டூட்டில இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. ஓசூருக்குப் பஸ் ஏறும்போதுகூட என் முகத்தைப் பார்க்காமல்தான் ஏறினாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கன்வாடியில் ஓய்வு பெறுகிறவரை ஊர்ப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதவைத்த கைதான் இது. பெற்ற பிள்ளைக்கு எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. நீ கோபப்படக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் உன் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்போடு உன்னை அப்படியே விட்டுவைக்க என்னால் முடியாது.

மணலூர்பேட்டையிலிருந்து சுகந்தி வீட்டார் நம் வீடு பார்க்க வந்த அன்று மதியம்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. நீயும் சுகந்தியும் ஏற்கெனவே பார்த்துப் பேசி, ஒருவருக்கொருவர் பிடித்துப்போய்த் தினமும் போனில் பேசுகிறவர்கள். பெரியவர்கள் வந்து தட்டு மாற்ற நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் அப்பா ஏழுமலை உள்ளே நுழைந்ததுமே, "வூடு நல்லா காத்தோட்டமா இருக்குதுங்க" என்றார். அவள் அம்மா என்னோடு சமையலறைவரை வந்து, பாயசத்துக்கு முந்திரி வறுத்துக் கொடுத்தார். எனக்கு அந்த மனுஷியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இலை போடுவதற்கு முன்னால் ஏழுமலைதான், "நெலத்தையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமா மாப்ள?" என்று கேட்டார். நீ முன்னால் நடந்தாய். பென்னை ஆற்றங்கரையில் நெல்லும் கரும்பும் போட்டுப் பழகிய மனிதர் அவர். நம் நிலத்து வரப்பில் ஏறி நின்று, இடுப்பு உயரத்துக்கு ஊதாப் பூவோடு நிற்கிற கொளுஞ்சியையும் அதன் நடுவே தழைத்து நிற்கிற புங்கங் கன்றுகளையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லியே, மலையோரத்துல இப்டி ஒரு பச்சையா! இத மடக்கி உழுதுட்டு மரவள்ளி ஊனினா, கெழங்கு தொடை தொடையா எறங்கும். கல்யாணம் முடியட்டும், நானே ஆள இட்டுக்கினு வந்து நட்டுத் தரேன்" என்றார்.

நீ சிரித்தாய். "சரிங்க மாமா" என்றாய்.

நான் உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன் பிரபு. அடுத்த வார்த்தையாவது சொல்லுவாய் என்று நினைத்தேன். நீ குனிந்து பேன்ட்டில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. அவர் அதற்குள் கூட வந்திருந்த தன் தம்பியைக் கூப்பிட்டு, எந்தப் பக்கமிருந்து டிராக்டர் இறங்கலாம் என்று கையைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "சம்பந்தி, இதுல கெழங்கு போடக் கூடாதுங்க. இந்த மண்ணுல வெளையறத மனுசன் தின்னக் கூடாது, ஆடு மாடும் தின்னக் கூடாது. பாக்கத்தாங்க பச்சை. சொரங்கத்துலேர்ந்து வந்த வெஷம் அடியில அப்டியே இருக்குது" என்றேன். அவர், "இன்னாங்க சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டாலும் கண் உன் பக்கம்தான் போனது. சுகந்தியின் அம்மா மண்ணில் வைத்திருந்த காலைச் சட்டென்று தூக்கி வரப்புமேல் வைத்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பி வந்ததும், "நேரமாயிடுச்சிங்க, இன்னொரு நாளைக்கி சாப்டறோம்" என்று வண்டி ஏறிவிட்டார்கள். போட்ட இலையெல்லாம் போட்டபடி கிடந்தது. நீ சமையலறை வாசலில் நின்று என்னைக் கேட்டாய்: "ஒரே ஒரு நாளு வாய மூடிக்கினு இருந்தா இன்னாம்மா?"

அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த மண்ணை நீ வெறுக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். வெறுக்கக் காரணமும் இருக்கிறது. நீ பத்தாவது படிக்கும்போதுதான் அது நடந்தது. மலையடிவாரத்தில் சுரங்கம் தோண்டிக் கறுப்புக் கல் வெட்டினவர்கள் குழியை அப்படியே விட்டுவிட்டு, லாரிகளையும் இயந்திரங்களையும் ஓட்டிக்கொண்டு போய்ச் சில காலம் ஆகியிருந்தது. அவர்கள் கொட்டிவிட்டுப் போன கழிவு மட்டும் நம் நிலத்துக்கு மேலே இன்னொரு சின்ன மலைபோல நின்றது. ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் அது பிளந்துகொண்டு இறங்கியது. சாம்பல் நிறத்தில், மாவு கரைத்த மாதிரி, ஓடையை மீறி நம் மரவள்ளிக்குள் வந்து நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தோம். பிறகு இலை மஞ்சளடித்தது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு விரல் மொத்தம்கூட இல்லை. நீ ஒரு குச்சியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டி, "அப்பா, பென்சிலு" என்று சிரித்தாய். உன் அப்பா சிரிக்கவில்லை என்றதும் மெல்லக் கீழே வைத்துவிட்டாய். அதற்கப்புறம் அவர் சங்கராபுரம், கள்ளக்குறிச்சி என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டார்கள், அனுப்பிவிட்டார்கள். மாரடைப்பில் இறந்த அன்றைக்குக்கூட அவர் சட்டைப்பையில் பஸ் டிக்கெட்தான் இருந்தது. நீ ஓசூருக்குப் போனதும், வந்தாலும் நான் கூப்பிட்டாலொழிய நிலத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்காததும், எல்லாம் அதிலிருந்துதான் என்று நான் அறிவேன்.

ஆனால் நான் அந்த நிலத்தில் மறுபடி கை வைத்தது வெள்ளாமைக்காக இல்லை. உனக்கு இதை நான் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. கோடையில் அந்த மண் தட்டு மாதிரி இறுகி, மேலே பொடி கட்டும். ஆடிக் காற்று எழுந்தால் அந்தப் பொடி அப்படியே ஊருக்குள் வரும். அங்கன்வாடியில் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், எடுத்துப் போடுவதற்குள் அதன்மேல் சாம்பலாகப் படிந்திருக்கும். துடைத்துத் துடைத்துப் போடுவேன். தட்டைத் துடைக்கலாம், பிள்ளைகள் இழுக்கிற மூச்சை எப்படித் துடைப்பது? மழைக்காலத்தில் அதே பொடி கரைந்து ஏரிக்குப் போகும். அந்த நிலம் நமக்குச் சோறு போடாவிட்டால் போகட்டும், ஊர்மேல் பறக்காமல் இருந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன்.

ஏரித் தண்ணீரைச் சோதிக்க வேளாண் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை எனக்குப் பழக்கமானார். நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மண்ணை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குரோமியம், நிக்கல் எல்லாம் இருக்கும்மா. இதை யாரும் வாரிக் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. பறக்காம, ஓடாம இங்கேயே பிடிச்சு வைக்கலாம். அதுக்கு மேல செடி நிக்கணும். ஆனா இந்த மண்ணுல ஒரு சத்தும் இல்லை. தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காத்துலேர்ந்து தானே எடுத்துக்கிற செடியாத்தான் போட்டுப் பார்க்கணும்." முதலில் தழை உரத்துக்குப் போடுகிற சணப்பையை விதைத்தோம். சாண் உயரம் வந்தது, வெளுத்தது, செத்தது. பிடுங்கி வேரைப் பார்த்தேன். நல்ல நிலத்துச் சணப்பையென்றால் வேரில் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலிருந்து சத்தைப் பிடிக்கிற நுண்ணுயிர் குடியிருப்பது அந்த முடிச்சில்தான். நம் செடி வேர் கழுவி வைத்த நூல் மாதிரி வழவழவென்று இருந்தது. அந்த மண்ணில் நுண்ணுயிரே பிழைக்கவில்லை. ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். உன் பெரியப்பா, "கட்டாந்தரைக்கு ஏம்மா இந்தப் பாடு, வுட்டுத் தொலை" என்றார்.

அப்புறம்தான் அந்தப் பேராசிரியை கழிவு மேட்டின் ஓரத்தில் யாரும் விதைக்காமல் தானாக நின்ற கொளுஞ்சியைப் பார்த்தார். அந்த விஷத்திலேயே முளைத்து அந்த விஷத்திலேயே பூத்து நிற்கிற செடி என்றால், அதன் வேரில் இருக்கிற நுண்ணுயிரும் அதற்குப் பழகியிருக்கும் என்றார். அதன் விதையையும் வேரடி மண்ணையும் எடுத்து வந்தோம். விதையை ஆறின கஞ்சியில் அந்த மண்ணோடு புரட்டி நிழலில் காயவைத்தோம். நிலத்தில் மக்கிய எருவும் ஏரி வண்டலும் கொட்டிய பிறகு விதைத்தோம். எரு கொட்டியது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பொங்கல் லீவில் வந்த நீ, முனகிக்கொண்டேதான் என்றாலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடை கூடையாகச் சுமந்தாய். உன்னோடு கூலிக்கு வந்து சுமந்தவள் நம் தெருக்கோடி அஞ்சலை. அந்த வருஷம் கொளுஞ்சி பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் புங்கம் வைத்தோம். கொளுஞ்சியை மாடு கடிக்காது, புங்கத்தையும் ஆடு அவ்வளவாகத் தொடாது என்பதால்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் காற்றுத் தடுப்புக்கு இருக்கட்டும், சீக்கிரம் உயரும் என்று பேராசிரியையோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள் வேலியோரம் ஒரு வரிசை அகத்தியும் ஊன்றிவிட்டுப் போனார்கள். அதுதான் வினையாகிப் போனது.

அந்த விஷயத்தை உன்னிடம் நான் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுதும் கேள். ஒருநாள் காலையில் பேராசிரியை போன் செய்தார். "அம்மா, அகத்தி இலையைச் சோதிச்சுப் பார்த்தோம். வேர்லேர்ந்து இலைக்கு ஏறியிருக்கு. யாரும் ஒரு கொழுந்துகூடக் கிள்ளக் கூடாது. மரத்தையே எடுத்துடலாம்" என்றார். போனை வைத்துவிட்டு நேரே நிலத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால் வேலியோரம் முழுக்க அகத்தி மொட்டை. வெட்டின இடத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. பக்கத்து வயலில் களை எடுத்தவர்களைக் கேட்டேன். "அஞ்சலதான் அறுத்துக்கினு போவுது. சங்கராபுரம் மார்க்கெட்டுக்காம், பஸ்சுக்குப் போயிருக்கும்" என்றார்கள்.

மொபெட்டை எடுத்தேன். நிறுத்தத்துக்குப் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பின்னாலேயே விரட்டினேன். எனக்கு அவ்வளவு வேகமாக வண்டி ஓட்டத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. புழுதியில் கண் தெரியவில்லை, புடவை முந்தானை சக்கரப் பக்கம் பறக்கிறது, ஒரு கையால் அதை இழுத்துச் சொருகிக்கொண்டே ஓட்டுகிறேன். வளைவில் பஸ் மெதுவானபோது முந்திக்கொண்டு போய்க் குறுக்கே நிறுத்தினேன். டிரைவர் பிரேக் அடித்துத் தலையை வெளியே நீட்டித் திட்டினார். கண்டக்டர் இறங்கி வந்தார். "ஏம்மா, உசுரு மேல ஆச இல்லியா?" நான் உள்ளே ஏறினேன். கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் அஞ்சலை, காலடியில் சாக்கு நிறைய அகத்திக் கட்டு.

"எறங்குடி. கீரையத் தூக்கிக்கினு எறங்கு" என்றேன். மூச்சு வாங்கியதில் அதைத்தான் சொல்ல முடிந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலையின் முகம் கறுத்துப் போனது. "இன்னாக்கா, கேக்காம அறுத்துட்டேன்னு பஸ்ஸ மறிச்சிக்கினு வந்து நிக்கிறியே? எருவு கொட்னது நானு, தண்ணி ஊத்துனது நானு. வீணாப் போற கீரதானேன்னு அறுத்தேன். திருடின்னு அல்லாரு எதிர்லயும் காட்டணுமா?" என்றாள். யாரோ ஒரு பெரியவர், "போவுட்டும் வுடும்மா, கீரக்கட்டுதானே" என்றார். இன்னொருத்தி, "நெலம் வெச்சிருக்கிறவங்களுக்கு மனசே வராது" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் திருடியைப் பிடிக்க வந்திருப்பதாகத்தான் அவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று. "திருட்டு இல்ல அஞ்சல. அந்த எலையில வெஷம் ஏறிக்கினு இருக்குது. இப்பத்தான் சொன்னாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. "நாங்கூடத்தான் முந்தாநாளு ஆக்கித் தின்னேன். இன்னா ஆயிட்டேன்? நல்லாத்தானே இருக்கேன்?" என்று சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் சாக்கைப் பிடித்து இழுத்தேன். ஆமாம் பிரபு, உன் அம்மாதான். பஸ்ஸுக்குள் இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு சாக்குக்கு மல்லுக்கு நின்றோம். கட்டு பிரிந்து கீரை பஸ் முழுக்கச் சிதறியது. அதைப் பார்த்ததும் அவள் கையை விட்டாள். முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

ரோட்டோரம் நின்றுதான் அவள் இன்னொன்றைச் சொன்னாள். வரும் வழியிலேயே ஊருக்குள் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதில் ஒரு கட்டு, பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து, பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிற ராணிக்கு. நான் அங்கன்வாடியில் இருந்தபோது என் மடியில் தூங்கின பெண் அவள். வண்டியைத் திருப்பினேன். போனபோது ராணியின் அம்மா கீரையை வதக்கி இறக்கிவிட்டு, தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் குழி தோண்டிக் கவிழ்த்தேன். அந்த அம்மா என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மற்ற வீடுகளுக்கும் போய்க் கேட்டுக் கேட்டு வாங்கிப் புதைத்தேன். ஒரு வீட்டில் கதவை என் முகத்துக்கு நேரே சாத்தினார்கள்.

அதற்கப்புறம் நம் வீட்டுக்கு எந்த வேலைக்கும் ஒருத்தரும் வரவில்லை. தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. அஞ்சலையை நான் திருடி என்று சொல்லி, பஸ்ஸிலிருந்து இழுத்துத் தள்ளினதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். விஷம் என்று சொன்னதெல்லாம் ஒரு கட்டுக் கீரைக்காக நான் கட்டிவிட்ட கதையாம். அவள் கூலிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். நான் போய் வாசலில் நின்றேன். வெளியே வரவில்லை. மறுபடி போனேன். "நீ சொல்றத நான் எதுக்கு நம்பணும்? ஒங்க நெலம், ஒங்க பேச்சு" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். அந்த வார்த்தையில் நியாயம் இருந்தது. நான் சொன்னால் அது நிலக்காரி சொன்னதாகத்தான் இருக்கும். அதனால், "என்ன நம்பாத. என்கூட காலேஜுக்கு வா. நீயே கேளு" என்றேன். வந்தாள். வழி முழுக்க என்னோடு பேசாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பேராசிரியையிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "மேடம், நான் தின்னுட்டேனே, எனக்கு இன்னா ஆவும்?" என்பதுதான். அதுவரை அவள் அந்தப் பயத்தைத் தனியாக வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஒன்றிரண்டு தடவை தின்றதில் பெரிதாக ஒன்றும் ஆகாது, தினமும் தின்றால்தான் ஆபத்து, இருந்தாலும் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று அவர் பொறுமையாகச் சொல்லி, அவரே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஊர் திரும்பினதும் அஞ்சலை அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து அந்த அகத்தி வரிசையை அடியோடு வெட்டித் தள்ளினாள். நான் போய் ஒரு கை பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு அந்த வேலிப் பக்கம் ஒரு ஆடு வந்தால் முதலில் கத்துகிறவள் அவள்தான். ஆனால் என்னோடு பழைய மாதிரி சிரித்துப் பேசுகிறாளா என்றால், இல்லை. அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் முகம் அவளுக்கு மறக்கவில்லை. எனக்கும்தான்.

இப்போது சொல். கூலிக்கும் போய்க் கீரையும் விற்று அன்றாடம் வயிற்றைக் கழுவுகிற ஒருத்தியை நடுரோட்டில் இறக்கிவிட்டு, ஊரே பார்க்க அவள் சாக்கைப் பிடுங்கி, இது விஷம் என்று கத்தினவள் நான். அதே மண்ணில் மரவள்ளி போடலாம் என்று ஒருவர் கணக்குப் போடும்போது, அவர் நமக்குப் பெண் கொடுக்கப் போகிறவர் என்பதற்காக, நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்தவர் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டு நின்றால், அஞ்சலைக்கு நான் செய்ததற்கு என்ன பெயர்? அவள் நினைத்ததுதான் சரி என்று ஆகிவிடாதா? உன்னிடம் பதில் இருந்தால் எழுது பிரபு.

நீ நினைத்திருப்பாய், கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று. உன் அப்பாவும் நானும் குடும்பம் நடத்தினதை வைத்துச் சொல்கிறேன், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த எதையும் நாங்கள் நல்லபடியாகச் சொல்லி முடித்ததில்லை. தள்ளிப்போடப் போட அது சண்டையாகத்தான் வெளியே வந்தது. அதுவும் இது கிழங்கு விவகாரம். அவர் ஆளோடு வந்து உழுதிருந்தால், இத்தனை வருஷம் வேர் பிடித்து அடங்கியிருந்தது எல்லாம் ஒரு கோடையில் மறுபடி பறந்திருக்கும். முளைத்துத் தொலைத்திருந்தால் அந்தக் கிழங்கை யார் வீட்டுப் பிள்ளை தின்றிருக்கும்? சுகந்தி பெறப்போகிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

நேற்று ஏழுமலை வந்தார். உனக்குத் தெரியாது. முன்னறிவிப்பு இல்லாமல், தனியாக, பைக்கில். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். "நெலத்த இன்னொரு தபா பாக்கணுங்க" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குப் பார்த்ததுபோல மேலே பார்க்கவில்லை. உட்கார்ந்து ஒரு கொளுஞ்சியை வேரோடு பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழிவு மேட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தச் செடி வெஷத்த எடுத்துடுமா?" என்று கேட்டார். "எடுக்காதுங்க. எங்கியும் ஓடாம புடிச்சி வெச்சிருக்கும். மண்ணுல கொஞ்சம் சத்து சேக்கும், அவ்ளோதான். புங்கங்கொட்டைய எண்ணெய்க்கு விக்கலாம், மரத்த வெறகுக்கு விக்கலாம். சோத்துக்குன்னு இதுல என் காலத்துல ஒண்ணும் வராது. பிரபு காலத்துலயும் வருமான்னு தெரியாது" என்றேன். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிடுங்கின செடியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கி நீங்க சொன்னது எனக்கு அசிங்கமாப் போச்சிங்க. என் தம்பி எதிர்ல, சம்சாரம் எதிர்ல, நாந்தான் ஏதோ நெலத்துக்கு அலையற மாதிரி. வூட்டுக்குப் போயி யோசிச்சாத்தான், சொல்லாம வுட்டிருந்தா இன்னும் அசிங்கமாயிருக்கும்னு தோணிச்சி" என்றார். காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். கல்யாணம் உண்டு என்றோ இல்லை என்றோ ஒன்றும் சொல்லவில்லை. "பொண்ணு ஒங்ககிட்ட பேசணும்னுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இன்று மத்தியானம் சுகந்தி போன் செய்தாள். அழுதிருப்பாளோ என்று பயந்துகொண்டே எடுத்தேன், அப்படி இல்லை. "அத்த, நெலத்தப் பத்தி அப்பா அல்லாத்தையும் சொல்லிட்டாரு. அது எனக்குப் பெரிசில்லீங்க. நெலத்த நம்பி நான் வரல. ஆனா அவுரு காலைல இன்னா சாப்ட்டாரு, எந்த ஷிப்டுக்குப் போறாரு, எல்லாம் எனக்குத் தெரியும். தெனமும் பேசிக்கினுதான் இருக்கோம். இத மட்டும் ஏன் அத்த அவுரு சொல்லல? எங்கப்பா கெழங்கு போடறேன்னு சொன்னப்ப எப்டி சரின்னாரு?" என்று கேட்டாள்.

உனக்காகப் பேச எனக்கு ஆயிரம் இருந்தது. அவனுக்கு அந்த நிலத்தின் பெயரை எடுத்தாலே அப்பா ஞாபகம் வரும்மா என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத பையன், பயந்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் நிஜம்தான். ஆனால் நான் சொன்னால் அது உன் பதில் ஆகாது. "அத நீ அவங்கிட்டயே கேளும்மா" என்றேன். "கேக்கறேன். ஆனா போன்ல இல்ல, நேர்ல. அந்த எடத்தையும் பாக்கணும்" என்றாள். வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு அவள் அப்பாவோடு வருகிறாள். என்னிடம் முடிவு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடு. ஏழுமலையை நான் வீட்டில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். நீயும் அவளும் மட்டும் நிலத்துக்குப் போய் வாருங்கள். அவள் கேட்பாள். என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது, எனக்குச் சொல்லவும் வேண்டாம். அவளிடம் சொல்.

அம்மா